விலாசம் இல்லாத வணிகம்

“ஏமாறுகிறவன் இருக்கும்வரை ஏமாற்றுகிறவனும் இருப்பான்” என்று நம்மவர் சொல்வதுண்டு. சொல்லும்போது, உலக அனுபவம் முழுவதையும் வடித்தெடுத்துத் தந்துவிட்டதுபோல முகத்தை வைத்துக்கொள்வர். இந்த ஒரு வாசகத்தைப்போல் கயவர்க்குத் துணைநின்ற வாசகம் தமிழில் வேறொன்று உண்டா என்று நான் ஐயுறுகிறேன். வீட்டில் கன்னம் வைத்துத் திருடியவனை விட்டுவிட்டு, “வீட்டில் பொருள் வைத்திருந்தது உன் பிழை” என்று பறிகொடுத்தவரைக் கடிந்துகொள்வார் யாருமிலர். ஆனால், இணையத்தில் ஒரு பொருளுக்குப் பணம் கட்டி ஏமாந்தவரிடம், “பொத்தானை அமுக்கியது நீங்கள்தாமே?” என்று வங்கி கேட்கிறது, “எங்கள் விதிமுறைகளைப் படிக்கவில்லையா?” என்று இணைய அங்காடி கேட்கிறது, வீட்டிலுள்ளோரும் அதையே கேட்கின்றனர். ஏமாற்றியவனை யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்க அவன் அங்கே இல்லை.

2021-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை பினாங்கில் மீண்டும் நடப்புக்கு வந்தது. பள்ளிக் கதவுகள் அடைபட்டன. பாடங்கள் கைப்பேசி வழியே நடந்தன. என் பள்ளியில் நான்காம் ஆண்டில் பயின்ற மாணவி ஒருத்தி தொடர்ந்து வகுப்பில் தோன்றவில்லை. தாயாரை அழைத்தேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் முறைமாற்று வேலை செய்பவர் அவர். “ஐயா, வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி. அதை நான் வேலைக்குக் கொண்டு போய்விடுகிறேன். பிள்ளைக்குப் பழைய டேப்லெட் ஒன்றை இணையத்தில் வாங்கிவிட்டேன், இந்த வாரம் வந்துவிடும்” என்றார். அது இன்றுவரை வரவில்லை.

நடந்தது இதுதான். அங்காடியில் அதன் விலை 380 வெள்ளி என்று இருந்தது. விற்பவன் தனியே செய்தி அனுப்பினான்: அங்காடிக்குத் தரகு கொடுப்பானேன், என் வங்கிக் கணக்கில் நேரே போட்டுவிடுங்கள், 340-க்குத் தருகிறேன் என்றான். நாற்பது வெள்ளி மிச்சம். நாற்பது வெள்ளி நமக்குச் சிறு தொகையாகத் தோன்றலாம்; அந்த அம்மாளுக்கு அது ஒரு நாள் கூலியை ஒட்டிய தொகை. இரவில் பணம் அனுப்பினார். காலையில் கடையும் இல்லை, கடைக்காரனும் இல்லை. வங்கியை அழைத்தார், பணம் அடுத்த கணக்கிற்குப் போய்விட்டது என்றார்கள். அங்காடிக்கு எழுதினார், எங்கள் தளத்திற்கு வெளியே கட்டிய பணத்திற்கு நாங்கள் பொறுப்பல்லர் என்று விடை வந்தது. காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். சில மாதங்கள் கழித்து, மேல் நடவடிக்கைக்கு இடமில்லை என்று தெரிந்துகொண்டார். ஒவ்வொரு வாயிலிலும் அவருக்குக் கிடைத்தது ஓர் அறிவுரை: “இனிமேல் கவனமாக இருங்கள்.”

அவர் விதியை மீறினார், அதனால் இழந்தார் என்று சொல்வோர் உண்டு. சரி, விதியை மீறாதவன் கதையையும் சொல்கிறேன். அது என் கதை.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் ஆறு தொகுதிகள் 1924 முதல் 1936 வரை வெளிவந்தன. அனுபந்தத் தொகுதி 1939-இல் வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட அந்த நூல் பள்ளி நூலகத்தில் இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பயிற்சிக் கல்லூரி நாள்களில் நான் பினாங்கு சாலைச் சௌராஸ்தா சந்தையின் பழைய புத்தகக் கடைகளுக்கு அடிக்கடி செல்வேன். அங்கே கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் பெரியவர் ஒருவரிடம் ஏதாவது நூல் கேட்டால், “அடுத்த மாதம் வாங்க தம்பி” என்பார். அடுத்த மாதம் சென்றால் எடுத்து வைத்திருப்பார். ஒருமுறை பக்கங்கள் கிழிந்த நூலைத் தந்துவிட்டார். திருப்பிக் கொண்டுபோனேன். ஒரு சொல்லும் பேசாமல் பணத்தை எடுத்து நீட்டினார். அவருக்கு ‘விதிமுறை’ என்று எதுவும் இல்லை.

2023-இல் இணைய அங்காடி ஒன்றில் லெக்சிகன் ஏழு தொகுதிகளும் 460 வெள்ளிக்கு விற்பனைக்கு இருந்தன. ஒழுங்காக அங்காடிக்குள்ளேயே பணம் கட்டினேன். ஒன்பதாம் நாள் வந்தது ஓர் உறை. ஏழு தொகுதிகள் ஓர் உறைக்குள் வருவதற்கு அவை என்ன அஞ்சல்தலைகளா? பிரித்தேன். உள்ளே ஒரு கைக்குட்டை இருந்தது.

இது வேடிக்கைக்குச் செய்த செயல் அன்று. நன்கு திட்டமிட்ட தந்திரம் என்பதைப் பின்னரே அறிந்தேன். ஒன்றுமே அனுப்பாவிட்டால் ‘பொருள் வந்து சேரவில்லை’ என்று எளிதில் மெய்ப்பிக்கலாம். எதையாவது அனுப்பிவிட்டால் அஞ்சல் தட எண் ‘சேர்ப்பிக்கப்பட்டது’ என்று காட்டும். தட எண்ணுக்கு உறையின் உள்ளே இருப்பது தெரியாது. அங்காடியோ தட எண்ணைத்தான் நம்பும். புகார் எழுதினேன். “உறையைப் பிரிக்கும்போது அதை ஒளிப்பதிவு செய்தீர்களா?” என்று கேட்டார்கள். ஐம்பது வயது கடந்த தலைமையாசிரியன், தனக்கு வரும் அஞ்சலைப் படப்பிடிப்போடு பிரிக்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? அடுத்து, “பொருளை விற்பவருக்கே திருப்பி அனுப்புங்கள், அவர் பெற்றுக்கொண்டதும் பணம் தரப்படும்” என்றார்கள். கைக்குட்டையைத் திருப்பி அனுப்பத் துணிந்தேன். தந்திருந்த முகவரியில் வீட்டு எண்ணே இல்லை. நான்கு முறை எழுதினேன். நான்கு முறையும் ஒரே விடை, ஒரே வருத்தம், ஒரே நன்றி. எழுதியது மனிதனல்லன், இயந்திரம் என்று அறிய எனக்கு மூன்றாம் கடிதம்வரை பிடித்தது. பின்பு ஒரு நாள், காலக்கெடு கடந்துவிட்டதால் வழக்கு முடிக்கப்பட்டது என்று செய்தி வந்தது.

சிலப்பதிகாரத்தை நாம் ஆண்டுதோறும் வகுப்பில் பேசுகிறோம். பாண்டியன் ஆராயாது தண்டித்தான், அது பெரும்பிழை. ஆயினும், வழக்குரைக்க வந்தவளை அவன் வாயிலில் நிறுத்தித் திருப்பி அனுப்பவில்லை. எதிரே அமர்ந்து கேட்டான். சிலம்பை உடைத்துக் காட்ட இடம் தந்தான். முத்துக்கு மாறாக மாணிக்கம் தெறித்ததைக் கண்டதும் தன் பிழையை ஒப்புக்கொண்டான். இன்றைய இணைய வழக்குமன்றத்தில் சிலம்பை உடைக்க இடமில்லை. உடைக்குமுன் ஒளிப்பதிவு செய்தாயா என்பதே முதற்கேள்வி.

இந்தக் காலக்கெடு என்னும் சூழ்ச்சியை மாணவர்களும் அறிந்திருத்தல் நலம். பேபால் என்னும் பணம் செலுத்தும் நிறுவனம் புகார் தொடுக்க 180 நாள் தருகிறது. கேட்பதற்குத் தாராளமாக இருக்கிறது. ஆனால் தொடுத்த புகாரை 20 நாளுக்குள் அடுத்த படிக்கு உயர்த்தாவிட்டால் அது தானே மூடிக்கொள்ளும், பின் திறவாது. “இன்னும் ஒரு வாரம் பொறுங்கள், ஐயா” என்று விற்பவன் மூன்று முறை கெஞ்சினால் போதும். இருபது நாளும் கழிந்துவிடும். நல்லவர்கள்தாம் பொறுப்பார்கள். அவர்கள்தாம் இழப்பார்கள்.

பணம் கட்டும் வழியிலும் ஏற்றத்தாழ்வு இருக்கிறது. கடன் அட்டையில் கட்டியவர் பொருள் வராவிட்டால் தம் வங்கியிடம் முறையிடலாம். வங்கி அத்தொகையை விற்பவனின் வங்கியிடமிருந்து திரும்பப் பெற முயலும். இதற்குப் பொதுவாக 120 நாள் அவகாசம் உண்டு. அமெரிக்காவில் அட்டைக் கணக்கை மறுத்துரைக்கும் உரிமையைச் சட்டமாக்கியது 1974-இல். அதே ஆண்டில் பிரிட்டனில் இயற்றிய கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு இன்னும் ஒருபடி மேலே போய், நூறு பவுனுக்கு மேல் முப்பதாயிரம் பவுன் வரையுள்ள பொருளுக்கு விற்பவனோடு கடன் கொடுத்தவரையும் பொறுப்பாளியாக்கிற்று. ஆனால் நம் நாட்டில் ஆண்டு வருமானம் 24,000 வெள்ளி இல்லாதவருக்குக் கடன் அட்டை கிடையாது. 2021-இல் நகர்ப்புறக் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,200 வெள்ளி. பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள். பற்று அட்டைக்கும் ஓரளவு இவ்வுரிமை உண்டு என்பதை மறைக்கவில்லை. ஆனால் கணக்கிலிருந்து கணக்கிற்கு அனுப்பிய பணத்திற்கு அது அறவே இல்லை. 2018 டிசம்பரில் வந்த டியூட்நவ், கண்ணிமைக்கும் நேரத்தில் பணத்தைக் கொண்டு சேர்க்கிறது. கொண்டு சேர்ப்பதில் இருக்கும் வேகம் திருப்பித் தருவதில் இல்லை. ஆக, வசதி உள்ளவனுக்குக் காப்பு, இல்லாதவனுக்கு அறிவுரை. இதுவே இன்றைய நிலை.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் அமைந்த பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளி கட்டணம் செலுத்தி 50,000 வெள்ளி வரையுள்ள கோரிக்கையைத் தாக்கல் செய்யலாம். வழக்கறிஞருக்கு அங்கே இடமில்லை. ஏழையும் தன் வாயால் தன் வழக்கைச் சொல்லலாம். இதனினும் நல்ல ஏற்பாடு வேண்டுமோ? ஆனால் அந்தப் படிவத்தில் எதிர்தரப்பினரின் பெயரும் முகவரியும் எழுத ஓர் இடம் இருக்கிறது. கைக்குட்டை அனுப்பியவனின் பெயர் என்ன? அங்காடியில் அவன் பெயர் நான்கு ஆங்கில எழுத்தும் ஆறு எண்ணும். அதைப் படிவத்தில் எழுதினால் அழைப்பாணையை யார் கையில் கொடுப்பது?

இங்கேதான் நகரத்தார் வழக்கம் ஒன்று நினைவுக்கு வருகிறது. பினாங்குத் தெருக் கிட்டங்கிகளில் தொழில் நடத்திய செட்டியார்களுக்கு ‘விலாசம்’ என்று ஒன்று உண்டு. நாம் முகவரி என்னும் பொருளில் வழங்கும் அதே சொல்தான். அவர்களிடத்தில் அது தொழில் நிலையத்தின் பெயர். முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளால் ஆன கோவை. ஊரிலிருந்து மூன்றாண்டுக் கணக்கிற்கு வந்த முகவர் கப்பலேறித் திரும்பிவிடுவார், அடுத்தவர் வருவார். ஆனால் விலாசம் போகாது. முன்னவர் எழுதிய உண்டியலுக்குப் பின்னவர் பணம் கொடுத்தாக வேண்டும். ஆளுக்கு அன்று, விலாசத்திற்கே பொறுப்பு. அவர்கள் வாங்கிய வட்டியைப் பற்றி எனக்கும் சொல்ல உண்டு. அது வேறு கட்டுரை. தாம் யார் என்பதை மறைத்து அவர்கள் தொழில் செய்யவில்லை என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன். தைப்பூசத்தின்போது தண்ணீர்மலைச் சாலையில் சில நாளைக்குக் கடை போட்டு மூட்டை கட்டிவிடும் வணிகனைக்கூட, அந்தச் சில நாளும் முகத்துக்கு நேரே நின்று கேட்க முடிகிறது.

இணைய வணிகத்தில் விலாசம் வேண்டாம் என்று நம் சட்டம் சொல்லவில்லை. 2012-ஆம் ஆண்டில் இயற்றி 2013 ஜூலையில் நடப்புக்கு வந்த மின்வணிக விதிகள், விற்பவர் தம் பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் வெளியிட வேண்டும் என்றன. அங்காடி நடத்துவோர் தம்மிடம் விற்போரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை ஈராண்டுக்காலம் பதிவேட்டில் வைத்திருக்கத் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் அவை பணித்தன. 2024 டிசம்பரில் அவ்விதிகளுக்கு மாற்றாகப் புதிய விதிகள் வந்துள்ளன. நான் கேட்கிறேன்: அந்தப் பதிவேடு யாருக்காக? ஏமாந்தவர் கேட்கும்போது ‘தனிப்பட்ட தகவல்’ என்று மூடி வைப்பதற்காகவா? கைக்குட்டைக்காரனின் தனிமையைக் காக்கும் அக்கறையில் பத்தில் ஒரு பங்கு, பணம் கட்டியவரைக் காப்பதில் இருந்திருக்கலாகாதா?

என் வாதம் ஒன்றுதான். விலாசம் இல்லாதவனுக்குக் கடை கொடுத்தவர், அந்தக் கடைக்குத் தம் விலாசத்தையே கொடுத்தவராகக் கருதப்பட வேண்டும். ஒவ்வொரு விற்பனையிலும் தரகு வாங்குகிறார். விளம்பரத்திற்குக் காசு வாங்குகிறார். வழக்கு வந்தால் மட்டும் ‘நாங்கள் இடைநிலையாளர்’ என்று ஒதுங்குகிறார். அதுபோலவே வங்கியும். பணம் போய்ச் சேர்ந்த கணக்கைத் திறந்து கொடுத்தது எந்த வங்கி? அடையாள அட்டையைச் சரிபார்த்துத்தானே திறந்தது? அப்படியானால் அந்தக் கணக்கினால் விளைந்த தீங்கில் அதற்குப் பங்கில்லையா?

இது நடவாத காரியம் என்பார்க்கு ஒரு செய்தி. பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுத் தாமே பணம் அனுப்பியவர்க்கும் 85,000 பவுன் வரை வங்கி திருப்பித் தர வேண்டும். அந்தச் சுமையை அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் பாதிப்பாதி ஏற்கின்றன. ‘நீதானே பொத்தானை அமுக்கினாய்’ என்னும் வாதம் அங்கே தோற்றுவிட்டது. அண்டையிலுள்ள சிங்கப்பூரும் 2024 டிசம்பரில் பொறுப்பைப் பகிரும் ஏற்பாடு ஒன்றைக் கொண்டுவந்தது. ஆனால் அது போலி இணையப்பக்கம் காட்டிக் கடவுச்சொல்லைப் பறிக்கும் மோசடிக்கே உரியது. தாமே பணம் அனுப்பி ஏமாந்தவர் அதன் நிழலில் ஒதுங்க முடியாது. நம் நாட்டு மத்திய வங்கி 2022-இல், குறுஞ்செய்திக் கடவு எண்ணைக் கைவிடுதல், ஒரே கருவிக்கு அனுமதி அளித்தல் முதலிய நடவடிக்கைகளை வங்கிகளுக்கு விதித்தது. நல்லவைதாம். ஆயினும் அவை திருடன் நம் கணக்கிற்குள் நுழைவதைத் தடுப்பவை. நாமே கதவைத் திறந்து பணத்தைக் கொடுக்கும்படி ஏமாற்றுகிறவனை அவை என்ன செய்யும்? 2022 அக்டோபரில் தேசிய மோசடி மறுமொழி மையம் அமைந்தது. 997 என்னும் எண்ணை உடனே அழைத்தால் பணம் செல்லும் தடத்தைப் பின்பற்றி முடக்க முயல்வர். ‘உடனே’ என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். பொருள் அடுத்த வாரம் வரும் என்று நம்பிக் காத்திருப்பவர் உடனே எப்படி அழைப்பார்?

வங்கி திருப்பித் தரும் என்றால் மக்கள் கவனமின்றி நடப்பார்கள் என்பது எதிர்தரப்பார் வாதம். பெரிதும் பொறுப்பற்று நடந்தவர்க்கு அவ்வுரிமை இல்லையென்று பிரிட்டிஷ் ஏற்பாட்டிலேயே விலக்கு உண்டு. இன்னொரு வாதம் கனமானது: வாங்குவோரிலும் ஏமாற்றுக்காரர் உண்டு. உண்மை. புதுச் சேலையை வாங்கிக் கட்டிவிட்டுக் ‘கறை இருக்கிறது’ என்று திருப்பி அனுப்புவோரை நான் அறிவேன். வீட்டில் மாவு பிசைந்து பலகாரம் செய்து இணையத்தில் விற்கும் நம் பெண்கள் இவர்களால் நொந்துபோகிறார்கள். ஆகவேதான் இயந்திரம் போதாது, இரு தரப்பையும் அழைத்துக் கேட்க மனிதர் வேண்டும் என்கிறேன். முகமும் விலாசமும் உள்ள விற்பனையாளருக்கும் அதுவே பாதுகாப்பு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சொல்ல நா எழவில்லை. பணம் போய்ச் சேரும் கணக்கைக் ‘கழுதைக் கணக்கு’ என்கிறார்கள். பொதியின் சொந்தக்காரன் வேறு, சுமப்பது கழுதை. என் முன்னாள் மாணவன் ஒருவன் 300 வெள்ளிக்குத் தன் வங்கி அட்டையையும் கடவு எண்ணையும் யாருக்கோ கொடுத்துவிட்டான். அவன் கணக்கு வழியே எத்தனை பேருடைய பணம் ஓடியதோ! கைவிலங்கோடு நின்றவன் அவன்தான். பொதியின் சொந்தக்காரன் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. 2024-இல் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்த புதிய பிரிவுகள் கணக்கை இப்படிக் கைமாற்றிக் கொடுப்பதையே குற்றமாக்கியுள்ளன. அவனுக்கு நான் ஆறாண்டு பாடம் சொன்னேன். வங்கி அட்டையைப் பற்றி ஒரு நாளும் சொன்னதில்லை.

பயனீட்டாளர் இயக்கத்திற்கு நம் ஊர் அன்னியமானதன்று. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் 1969-இல் இங்கேதான் தோன்றியது. நெடுங்காலம் அதற்குத் தலைமை ஏற்ற எஸ்.எம். முகமது இட்ரிஸ் 2019-இல் மறைந்தார். அனைத்துலகப் பயனீட்டாளர் அமைப்பு 1970-களில் தன் வட்டார அலுவலகத்தை இத்தீவிலேயே அமைத்தது. 1978-இல் அன்வர் பசால் அதன் தலைவரானார். மார்ச் 15-ஐ உலகப் பயனீட்டாளர் உரிமை நாளாகக் கொண்டாடச் சொன்னவர் அவரே. எடைக்கல்லில் குறை, மிட்டாயில் சாயம், விளம்பரத்தில் பொய் என்று அன்று போராடிய ஊர், இன்று கைப்பேசிக்குள் நடக்கும் கொள்ளையைக் கண்டு ‘இனிமேல் கவனமாக இரு’ என்று சொல்லி வாளாவிருக்கிறது. நானும் அப்படித்தான் இருந்தேன், கைக்குட்டை வரும்வரை.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் துணையோடு, மாதத்தின் முதற் சனிக்கிழமை காலையில் பள்ளி மண்டபத்தில் இரண்டு மேசைகள் போடுகிறோம். ஏமாந்த பெற்றோர் ரசீதுகளோடு வரலாம். இளைய ஆசிரியர்கள் மலாய்மொழியில் புகார் எழுதித் தருகிறார்கள். நடுவர் மன்றப் படிவத்தை நிரப்புகிறார்கள். பணம் அனுப்பும் முன்பே வங்கிக் கணக்கு எண்ணைக் காவல் துறையின் செமாக் மியூல் தளத்தில் சரிபார்க்கக் கற்றுத் தருகிறார்கள். பாயான் லெப்பாஸ் தாயார்தாம் முதலில் வந்தவர். அவருடைய 340 வெள்ளி இனித் திரும்பாது என்று அவருக்கே தெரியும். பக்கத்து வீட்டுப் பெண்ணை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். இதுவரை பதினொரு குடும்பங்கள் வந்துள்ளன. ஏழு படிவங்களில் எதிர்தரப்பினர் முகவரிக்குரிய இடம் வெறுமையாக இருக்கிறது. அந்த ஏழுக்கும், பதிவேட்டில் உள்ள பெயரையும் முகவரியையும் தருமாறு கேட்டு உரிய அங்காடிகளுக்குப் பதிவஞ்சலில் எழுதியிருக்கிறோம். இரண்டுக்குப் பதில் வந்திருக்கிறது.